காட்டைப் படிக்கப் பணம் எங்கிருந்து வருகிறது

மகளோ மகனோ வனவிலங்கு உயிரியல் படிக்க ஆசைப்படுவதாகச் சொல்லி, அதற்கு உபகாரச் சம்பளம் (ஸ்காலர்ஷிப்) ஏதாவது உண்டா என்று என்னிடம் கேட்கும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோரில் பெரும்பாலோர் ஒரே ஒரு பெயரை எதிர்பார்க்கிறார்கள். இன்ன அமைப்பு தருகிறது, இன்ன தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று நான் சொல்லிவிட்டால் அவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் ஓரளவுக்கு அப்படிச் சொல்லலாம். இந்தத் துறைக்குச் சொல்ல முடியாது. அதற்காகப் பணமே இல்லை என்று பொருளில்லை. என் பட்டப்படிப்புக்கும் அதைத் தொடர்ந்த கள ஆய்வுக்கும் முழுத் தொகையை ஒரே இடம் தந்ததில்லை. கல்விக் கட்டணம் ஓரிடத்திலிருந்தும், அன்றாடச் செலவு வேறிடத்திலிருந்தும், கருவிகள் கடல் கடந்து மற்றோர் இடத்திலிருந்தும் வந்து சேர்ந்தன. எந்த வாசலில் எதைக் கேட்க வேண்டும் என்பதை நான் படிக்கும்போதே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அதை முன்கூட்டியே அறிந்து தொடங்குபவர்களுக்குப் பாதிச் சுமை குறையும் என்பதால் இதை விரிவாக எழுதுகிறேன்.

தேடல் பிசகுவது பெரும்பாலும் பட்டத்தின் பெயரில்தான். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வனவிலங்கு உயிரியல் என்ற பெயரில் தனி இளநிலைப் பட்டம் இல்லை. அங்கே உயிர் அறிவியல் படிப்புக்குள் சூழலியல், பல்லுயிர் சார்ந்த பாடங்களைத் தெரிவுசெய்து படிக்கிறோம். 2011ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சுற்றுச்சூழல் ஆய்வியல் பட்டம் இன்னொரு வழி. நிதி தருவோரும் தங்கள் அறிவிப்புகளில் வனவிலங்கு என்ற சொல்லை அரிதாகவே பயன்படுத்துகிறார்கள். உயிர் அறிவியல், பல்லுயிர்ப் பெருக்கம், நிலைத்தன்மை, நீர் மேலாண்மை, விலங்கு மருத்துவம், நகர்ப்புறப் பசுமை என்ற தலைப்புகளுக்குள்தான் நமக்குரிய வாய்ப்பு ஒளிந்திருக்கும். தேசியப் பூங்காக் கழகத்தின் உபகாரச் சம்பளத்தைப் பூந்தோட்டம், நிலவனப்பு ஆகியவற்றோடு மட்டும் சேர்த்துப் பார்க்கும் மாணவர்களை நிறையச் சந்தித்திருக்கிறேன். 2019 ஏப்ரலில் வேளாண் உணவு, கால்நடை மருத்துவ ஆணையம் கலைக்கப்பட்டபோது விலங்குகள் தொடர்பான பொறுப்புகள் இந்தக் கழகத்திடம்தான் வந்தன. இயற்கை வனப்பகுதிகளும் காட்டுயிர்ச் சட்டத்தின் நடைமுறையும் அதன் கையில்தான் இருக்கின்றன. ஆகவே நம் துறை மாணவர் முதலில் பார்க்க வேண்டிய பொதுத் துறை அமைப்பு அதுவே.

நான் சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் வளர்ந்தேன். அப்பா துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை, அம்மா வீட்டில். நான் இந்தப் படிப்பைச் சொன்ன அன்று அம்மா கேட்ட முதல் கேள்வி, "விலங்கு மருத்துவரா ஆகப்போறே?" என்பது. இல்லை என்றதும் அடுத்த கேள்வி, "அப்போ யாரு சம்பளம் தருவாங்க?" அந்த இரண்டாவது கேள்வி மிகச் சரியான கேள்வி என்று இன்றும் நினைக்கிறேன். ஏனெனில் உபகாரச் சம்பளம் தரும் ஒவ்வொரு அமைப்பும் நேர்காணலில் அதையே வேறு சொற்களில் கேட்கிறது: இந்தப் படிப்பு முடிந்த பிறகு நீ எங்கே நிற்பாய்?

செலவைப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் தெளியும். முதலாவது, கல்விக் கட்டணம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அரசாங்க மானியம் போக அறிவியல் படிப்புக்கு ஆண்டுக்கு 8,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) சற்று மேலே வருகிறது. இரண்டாவது, உணவு, போக்குவரத்து, கணினி முதலிய அன்றாடச் செலவு. மூன்றாவதுதான் நம் துறைக்கே உரியது: காட்டுக்கும் கடற்கரைக்கும் போய்வரும் செலவு, கருவிகள், விடுமுறையில் சம்பளம் தரும் வேலையை விட்டுவிட்டுக் களத்தில் இருப்பதால் இழக்கும் வருமானம். கணக்கியல் படிக்கும் தோழி விடுமுறையில் பயிற்சி வேலைக்குப் போய்ச் சம்பாதித்து வருவாள். நாம் விடுமுறையில் கையிலிருப்பதைச் செலவழித்துவிட்டு வருவோம். இந்த மூன்றாவது செலவைக் குடும்பத்தாரிடம் யாரும் சொல்வதில்லை. அது பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் திடீரென்று வந்து நிற்கும்போது, நல்ல மாணவர்கள் களத்தை விட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்குள் முடிந்துவிடும் தலைப்புகளை எடுத்துக்கொள்கிறார்கள். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயம்.

கட்டணத்துக்கான வழிகள் எல்லாத் துறை மாணவர்களுக்கும் பொதுவானவை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். குடும்பத்தின் தலா வருமானத்தைக் கணக்கிட்டுத் தரப்படும் அரசாங்கக் கல்வி உதவிநிதிக்கு விண்ணப்பிப்பதுதான் முதல் வேலை. பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகம் நன்கொடையாளர்கள் பெயரிலான உதவிநிதிகளையும் அந்த ஒரே விண்ணப்பத்தின் வழியாகப் பரிசீலிப்பது வழக்கம். மானியம் போக மீதமுள்ள கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கல்விக் கட்டணக் கடனாகப் பெறலாம். படிக்கும் காலத்தில் அதற்கு வட்டியில்லை. பெற்றோரின் மத்திய சேம நிதியிலிருந்து, அதாவது சம்பளத்தில் பிடிக்கப்படும் கட்டாயச் சேமிப்பிலிருந்து, கட்டணம் செலுத்தினால், படிப்பு முடிந்து ஓராண்டுக்குப் பிறகு மாணவர் அதை வட்டியுடன் அவர்களது கணக்கிலேயே திருப்பிச் செலுத்தத் தொடங்க வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா சேம நிதியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் கடனைத் தெரிவுசெய்தேன். சேம நிதிக்கு உடனே வட்டி ஓடத் தொடங்குகிறது, கடனுக்கு ஓடுவதில்லை என்ற ஒரே காரணம் எனக்குப் போதுமானதாக இருந்தது.

நம் சமூகத்தின் உதவியையும் மறந்துவிடக் கூடாது. அப்பாவின் சம்பளச் சீட்டில் மாதந்தோறும் சிண்டா நிதி என்று ஒரு சிறு தொகை கழிக்கப்பட்டிருக்கும். நான் சிறுமியாக இருந்தபோதே அந்த வரியைப் பார்த்திருக்கிறேன். 1991ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்தான் சிண்டா; அது இந்திய ஊழியர்களின் அந்தச் சந்தாவில்தான் தன் கல்விப் பணிகளில் பெரும்பகுதியைச் செய்கிறது. உதவிநிதிக்கு விண்ணப்பிப்பது தானம் கேட்பது போல் இருக்கிறது என்று அப்பா தயங்கினார். அவரே ஆண்டாண்டாகச் செலுத்திவந்த பணம் அது என்று அந்தச் சீட்டைக் காட்டித்தான் அவரது கையெழுத்தை வாங்கினேன். இந்து அறக்கட்டளை வாரியமும் ஆண்டுதோறும் உதவிநிதி வழங்குகிறது. பல வட்டார அடித்தள அமைப்புகளும் வழங்குகின்றன. இவை எவையும் நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று பார்த்துத் தருவதில்லை என்பதே நமக்குச் சாதகம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே நேரத்தில் இரண்டு உதவிகளை வைத்துக்கொள்ளலாமா என்பது ஒவ்வோர் அமைப்புக்கும் வேறுபடும். முழுக் கட்டணத்தையும் ஏற்கும் உபகாரச் சம்பளம் பெற்றவர்களுக்குப் பல உதவிநிதிகள் கிடைக்காது. இதைத் தொலைபேசியில் கேட்டுவிட்டு விடாமல், மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து படிக்கும் மாணவர்களின் நிலை வேறு. அவர்கள் கல்வி அமைச்சின் கட்டண மானியத்தைப் பெற்றால், பட்டம் பெற்ற பிறகு மூன்றாண்டுகள் சிங்கப்பூரில் பதிவுபெற்ற நிறுவனம் ஒன்றில் பணியாற்ற ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். வனவிலங்கு சார்ந்த பணியிடங்கள் இந்தச் சிறிய தீவில் குறைவு. ஆயினும் கட்டுமானத் திட்டங்களுக்கு முன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்கள் பறவைகளையும் பாலூட்டிகளையும் அடையாளம் காணத் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. அந்த வேலையில் மூன்றாண்டு இருந்தவர்களின் களத் திறன் வீண்போவதில்லை.

இனி, பணிப் பிணையுடன் வரும் உபகாரச் சம்பளம். பொதுத் துறையில் உள்நாட்டுப் படிப்புக்கு நான்கு ஆண்டு, வெளிநாட்டுப் படிப்புக்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டு பணியாற்ற வேண்டும் என்பது வழக்கமான அளவு. நம் பெற்றோர் பலருக்கு அது உபகாரச் சம்பளத்தையும் வேலை உறுதியையும் ஒன்றாகத் தரும் நல்வாய்ப்பாகத் தெரிகிறது. அந்தப் பார்வை தவறில்லை. ஆனால் இதை உபகாரச் சம்பளமாகப் பார்ப்பதைவிட, பதினெட்டு வயதில் ஒப்புக்கொள்ளும் முதல் வேலையாகப் பார்ப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவில் பணி என்பது பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. அமைப்பின் தேவைக்கேற்ப மாற்றுவார்கள். குரங்குகளைப் பற்றி ஆய்வு செய்ய விரும்பிப் போனவர் பொதுமக்கள் புகார்களைக் கையாளும் பிரிவில் முதல் இரண்டாண்டுகளைக் கழிக்கலாம். (குரங்கு பற்றிய புகாரைக் கேட்கும் வேலை குரங்குகளைப் புரிந்துகொள்ள மோசமான இடமல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.) முதுநிலைப் படிப்புக்காகப் பிணையைத் தள்ளிவைக்க முடியுமா, பிணையிலிருந்து விலகினால் செலவிட்ட தொகையோடு எவ்வளவு வட்டி சேரும், உத்தரவாதம் தருபவர்களின் பொறுப்பு எதுவரை என்ற மூன்றையும் குடும்பத்தோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிக்க வேண்டும். உத்தரவாதக் கையெழுத்துப் போடும் மாமாவோ சித்தப்பாவோ அந்தப் பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்திடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்படியொரு பொதுத் துறை நேர்காணலுக்கு நானும் போனேன். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்றுகூட விலங்குகளின் மீதான அன்பைப் பற்றியதல்ல. வீடுகள் கட்ட ஒரு காட்டுப் பகுதி தேவைப்படுகிறது, நீங்கள் அமைப்பின் சார்பில் என்ன பரிந்துரைப்பீர்கள் என்று கேட்டார்கள். காடு அழியக் கூடாது என்பதோ, மக்களுக்கு வீடு முக்கியம் என்பதோ அதற்குப் பதிலாகாது. இந்த நாட்டில் அந்தக் கேள்வி எப்படியெல்லாம் கையாளப்பட்டிருக்கிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். 2001ஆம் ஆண்டின் இறுதியில் புலாவ் உபின் தீவின் செக் ஜாவா கடற்பகுதியை நிரப்பி நிலமாக்கும் திட்டம் தள்ளிவைக்கப்பட்டதற்கு, தொண்டூழியர்களும் ஆய்வாளர்களும் அங்கிருந்த உயிரினங்களைப் பதிவுசெய்து முன்வைத்தது ஒரு முக்கியக் காரணம். குறுக்குத் தீவு ரயில்பாதை மத்திய நீர்ப்பிடிப்பு வனப்பகுதிக்கு அடியில் செல்வதா, சுற்றிப் போவதா என்ற விவாதம் பல ஆண்டுகள் நடந்து, 2019 டிசம்பரில் சுமார் 70 மீட்டர் ஆழத்தில் நேராகச் செல்வதென முடிவானது. புக்கிட் தீமா விரைவுச்சாலைக்கு மேல் 2013இல் கட்டி முடிக்கப்பட்ட விலங்குப் பாலம் இரண்டு வனப்பகுதிகளை மீண்டும் இணைத்தது. இத்தகைய முடிவுகளில் எந்தத் தரவு எந்த நேரத்தில் யாருடைய மேசைக்குப் போனது என்று சொல்லத் தெரிந்தவரையே அவர்கள் தேடுகிறார்கள். எனக்கு அந்த இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்விக்காகப் படித்தவை பிற்பாடு நான் எழுதிய ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அடித்தளமாயின.

இந்த வகை உபகாரச் சம்பளம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரித் தேர்வு முடிவு வந்த சில வாரங்களுக்குள் கிடைத்தால்தான் உண்டு என்று நினைப்பவர்கள் பலர். படிப்பின் நடுவில் விண்ணப்பிக்கக்கூடியவற்றையும் சில அமைப்புகள் வழங்குகின்றன. இரண்டாம் ஆண்டு முடிந்து, களப்பணி என்றால் என்ன என்று உடம்பால் அறிந்த பிறகு பிணைக்கு ஒப்புக்கொள்வது, அறியாமல் ஒப்புக்கொள்வதைவிட எவ்வளவோ மேல். பலதுறைத் தொழிற்கல்லூரியிலிருந்து வருபவர்களுக்கும் இதுவே பொருத்தமான வழி என்று நினைக்கிறேன். அவர்கள் கையில் அதற்குள் காட்டுவதற்கு வேலை இருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் நெருக்கமான பகுதிக்கு வருகிறேன்: களச் செலவுக்கான சிறு நிதிகள். என் இறுதியாண்டு ஆய்வு புலாவ் உபினில் வாழும் வைக்கோல் நிறத் தலையுடைய புல்புல் பறவையைப் பற்றியது. நம் ஊரில் கொண்டைக்குருவி என்றும் சின்னான் என்றும் சொல்லும் பறவைகளின் உறவு அது. அளவில் பெரியது, குரல் அபாரமானது. அந்தக் குரலே அதற்கு எமனாயிற்று. கூண்டில் வளர்ப்பதற்காகப் பிடிக்கப்பட்டு இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலும் தாய்லாந்திலும் இல்லாமலேயே போய்விட்டது. 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிகவும் அருகிய இனமாகச் சேர்க்கப்பட்டது. உலகில் எஞ்சியிருக்கும் பறவைகளில் குறிப்பிடத்தக்க பகுதி சில நூறு என்ற எண்ணிக்கையில் இந்தச் சிங்கப்பூரில் வாழ்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? இந்த ஒரு செய்தியே என் விண்ணப்பங்களுக்கு வலிமை தந்தது. நிதி தருபவருக்கு முதல் பத்தியிலேயே தெரிய வேண்டியது, இந்த உயிரினத்தை இந்த இடத்தில் இப்போது ஆராயாவிட்டால் என்ன இழப்பு என்பதுதான்.

இந்தச் சிறு நிதிகளைத் தேடும்போது சிங்கப்பூர் மாணவர்கள் ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். இயற்கைப் பாதுகாப்புக்கு உதவும் உலகளாவிய அறக்கட்டளைகளில் பல வளரும் நாடுகளுக்கே முன்னுரிமை தருகின்றன. வசதியான நாடான சிங்கப்பூரின் பெயரைப் பார்த்ததும் கதவு மூடிக்கொள்கிறது. பிரிட்டனின் ரஃபர்ட் அறக்கட்டளை அத்தகையது. இளம் ஆய்வாளர்களுக்கு அது பெரிய துணை, ஆனால் வளரும் நாடுகளில் நடக்கும் பணிகளுக்கானது. ஜொகூரிலோ சுமத்ராவிலோ உள்ளூர் ஆய்வாளர்களோடு சேர்ந்து வேலை செய்பவர்கள், உள்ளூர்த் தோழரை முதன்மை விண்ணப்பதாரராக வைத்து அணுகுவதே நேர்மையும் நடைமுறையும் ஆகும். முகமது பின் சாயித் இனப் பாதுகாப்பு நிதி நாட்டைவிட இனத்தைப் பார்க்கிறது. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாக இருந்தால் எந்த நாட்டிலிருந்தும் விண்ணப்பிக்கலாம், அதிகபட்சம் 25,000 அமெரிக்க டாலர் வரை தருகிறார்கள். அமெரிக்காவின் ஐடியா வைல்டு அமைப்பு பணமாகத் தருவதில்லை. தொலைநோக்கி, தானியங்கிக் கேமரா போன்ற கருவிகளாகவே தருகிறது. மாணவர்களுக்கு இது மிக ஏற்ற வடிவம் என்பேன், ஏனெனில் பணத்தைக் கையாளும் கணக்குவழக்குச் சுமை இல்லை, ஆய்வு முடிந்த பிறகும் கருவி பாதுகாப்புப் பணியில் நிலைக்கிறது.

வரவுசெலவுத் திட்டத்தில்தான் விண்ணப்பங்கள் பெரும்பாலும் தோற்கின்றன என்பதை, இப்போது மாணவர்களின் வரைவுகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் நிலையிலிருந்து சொல்கிறேன். "போக்குவரத்து 500 வெள்ளி" என்று ஒரே வரியில் எழுதுபவரைக் களம் போனவராக யாரும் நம்பமாட்டார்கள். என் திட்டத்தில் ஒரு வரி இப்படி இருந்தது. சாங்கி முனையிலிருந்து புலாவ் உபினுக்குச் செல்லும் படகு பன்னிரண்டு பேர் சேர்ந்தால்தான் புறப்படும். புல்புல் விடியற்காலையில்தான் நன்றாகப் பாடும். விடியலில் பன்னிரண்டு பயணிகள் சேரமாட்டார்கள். எனவே காலியாக இருக்கும் இருக்கைகளுக்கும் நானே கட்டணம் செலுத்தினால்தான் எண்ணும் பணி நடக்கும். இந்தக் காரணத்தோடு தொகையை எழுதினேன். பின்னர் நிதி கிடைத்தபோது, அந்த வரியைப் படித்தபோதே விண்ணப்பதாரர் அங்கே போய் நின்றிருக்கிறார் என்று தெரிந்துவிட்டதாகத் தேர்வுக்குழுவில் இருந்த ஒருவர் சொன்னார். ஒலிப்பதிவுக் கருவிக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள், மின்கலங்கள், நினைவக அட்டைகள், மழைக்கால மாற்றுநாள்கள் எல்லாம் சிறிய தொகைகள்தாம். அவற்றை எழுதியிருப்பதே பெரிய தொகையை நம்பவைக்கிறது. மறுபக்கம், மடிக்கணினியையும் கைப்பேசியையும் களநிதியில் கேட்காதீர்கள். பெரும்பாலான சிறு நிதிகள் அவற்றை ஏற்பதில்லை.

அனுமதிகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இயற்கை வனப்பகுதிகளிலும் பூங்காக்களிலும் ஆய்வு செய்யத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஆய்வு அனுமதி வேண்டும். விலங்குகளைப் பிடிப்பதோ அவற்றின் உடலில் மாதிரி எடுப்பதோ இருந்தால் பல்கலைக்கழகத்தின் விலங்கு ஆய்வு நெறிக் குழுவின் ஒப்புதலும் வேண்டும். நிதி கிடைத்த பிறகு அனுமதிக்கு எழுதலாம் என்று காத்திருந்தால், பறவையின் இனப்பெருக்கக் காலம் அதற்குள் முடிந்துவிடும். நிதிக்கும் அனுமதிக்கும் ஒரே நேரத்தில் எழுதி, "அனுமதிக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று நிதி விண்ணப்பத்தில் குறிப்பிடுவதே சரியான ஒழுங்கு.

கட்டுரை எழுதும்போது, "சிறு வயதிலிருந்தே எனக்கு விலங்குகள் என்றால் உயிர்" என்ற தொடக்கத்தை நான் பார்க்கும் இடத்திலெல்லாம் அடித்துவிடுகிறேன். அது பொய் என்பதற்காக அல்ல. விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் அது உண்மையாக இருப்பதால், தேர்வுக்குழு அதைக் கொண்டு ஒருவரையும் பிரித்தறிய முடியாது. அண்மையில் ஒரு மாணவி தன் வரைவில், வீட்டுக்கு அருகிலுள்ள கால்வாயில் நீர்நாய்க் குடும்பம் மீன் பிடிப்பதைப் பல மாதங்கள் கவனித்து, கடல் ஏற்றமாக இருக்கும்போது அவை எந்தப் பக்கம் போகின்றன என்று நோட்டில் குறித்துவைத்திருப்பதைக் கடைசிப் பத்தியில் ஒரு வரியாக எழுதியிருந்தார். அந்த நோட்டைக் கொண்டுவரச் சொன்னேன். தேதி, நேரம், வானிலை, எத்தனை குட்டிகள் என்று நீல மையில் கட்டம்கட்டி எழுதியிருந்தார்; மழையில் நனைந்து சில பக்கங்கள் ஊறியிருந்தன. முழுக் கட்டுரையையும் அந்த நோட்டிலிருந்து தொடங்கி எழுதச் சொன்னேன். மதிப்பெண் பட்டியல் தராத ஒன்றை, அதாவது யாரும் கேட்காதபோதும் கவனிக்கும் பழக்கத்தை, அந்த நோட்டு தந்தது.

அத்தகைய பதிவுகளை உருவாக்கச் சிங்கப்பூரில் செலவில்லாத வழிகள் உண்டு. பூங்காக் கழகத்தின் மக்கள் அறிவியல் திட்டங்களில் பறவை, வண்ணத்துப்பூச்சி, தும்பி, கொக்கு ஆகியவற்றைக் கணக்கெடுக்கப் பயிற்சியும் தருகிறார்கள். லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகம் 2015இல் பல்கலைக்கழக வளாகத்தில் திறக்கப்பட்டது. தென்கிழக்காசியாவின் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உயிரின மாதிரிகள் அங்கே இருக்கின்றன, தொண்டூழியர்களையும் ஏற்றுக்கொள்கிறார்கள். புக்கிட் தீமாவில் மட்டுமே வாழ்வதாக முதலில் அறியப்பட்டு 1986இல் பெயரிடப்பட்ட சிங்கப்பூர் நன்னீர் நண்டும், நூற்றுக்கும் குறைவாக இங்கே எஞ்சியிருக்கும் ராஃபிள்ஸ் லங்கூர் குரங்கும், சாலையில் அடிபட்டு இறந்துபோகும் சுந்தா அழுங்கும் (எறும்புத்தின்னி) யாராவது தொடர்ந்து கவனித்ததால்தான் காக்கப்படும் பட்டியலுக்கு வந்தன. லங்கூர்க் குரங்குக் கணக்கெடுப்பில் தொண்டூழியராகச் சேர்ந்து வார இறுதிகளில் நடந்தவர்கள் அந்த அனுபவத்தை வைத்தே ஆய்வு உதவியாளர் வேலை பெற்றதை அறிவேன்.

பரிந்துரைக் கடிதமும் அங்கிருந்துதான் வர வேண்டும். நூற்றுக்கணக்கானோர் அமர்ந்த விரிவுரை அரங்கில் உங்களுக்கு உயர் மதிப்பெண் போட்ட பேராசிரியரைவிட, சேற்றில் உங்களோடு நின்ற ஆய்வு மேற்பார்வையாளர் எழுதும் கடிதத்துக்கு எடை அதிகம். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். என்ன நிதி, அது எதைத் தேடுகிறது, நீங்கள் அவரோடு செய்த வேலை என்ன என்பதை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நம் பிள்ளைகள் ஆசிரியரிடம் இப்படிக் கேட்பதை அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைத்துத் தயங்குகிறார்கள். ஆசிரியர்களுக்கு அது வேலையைச் சுலபமாக்குகிறது.

முதுநிலைக்கு வெளிநாடு போக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம் முக்கியம். அமெரிக்காவில் வனவிலங்கு உயிரியல் என்ற பெயரிலேயே துறைகள் உண்டு, மொன்டானா பல்கலைக்கழகம் ஓர் எடுத்துக்காட்டு. அங்கே ஆய்வுப் பட்டத்துக்கான பணம் உபகாரச் சம்பளம் என்ற பெயரில் வருவதைவிட, ஆய்வு உதவியாளர், கற்பித்தல் உதவியாளர் பணியாக வருவதே அதிகம். அத்தகைய பணி பெரும்பாலும் கட்டண விலக்கோடும் மாதத் தொகையோடும் வரும். எனவே பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் முன்பே, உங்கள் தலைப்பில் வேலை செய்யும் பேராசிரியருக்கு எழுதி அவரிடம் நிதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுநிலைப் படிப்புகள் எந்த நாட்டவருக்கும் திறந்தவை. சூழலியல் சார்ந்தவையும் அவற்றுள் இருந்துவருகின்றன.

தமிழ்நாட்டில் படித்தால் செலவு குறையுமே என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தலில் உள்ள ஏ.வி.சி. கல்லூரியிலும் உதகை அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் நெடுநாளாகக் கற்பிக்கப்படுகிறது; நீலகிரியையே வகுப்பறையாகக் கொள்ளும் வாய்ப்பு சாதாரணமானதல்ல. பெங்களூரில் தேசிய உயிர் அறிவியல் மையத்தின் வனவிலங்கு முதுநிலைப் படிப்பும் தேராதூனில் இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் படிப்பும் ஆசிய அளவில் மதிக்கப்படுபவை. ஆனால் சிங்கப்பூரின் கட்டண மானியமும் சேம நிதிக் கல்வித் திட்டமும் அங்கே உதவாது, இந்திய அரசின் உதவித்தொகைகள் இந்தியக் குடிமக்களுக்கானவை. ஆகவே இளநிலையை இங்கே மானியத்தோடு முடித்துவிட்டு, அங்கே களப்பயிற்சிக்கோ ஆய்வுக்கோ போவதையே நான் பரிந்துரைக்கிறேன்.

பணம் கிடைத்த பிறகு செய்ய வேண்டியதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஒவ்வொரு ரசீதையும் வாங்கிய அன்றே படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். வெப்பத்தாளில் அச்சான ரசீது சில மாதங்களில் வெளுத்துவிடும். படகோட்டிகள் ரசீது தரமாட்டார்கள் என்பதால், தேதியும் தொகையும் எழுதிய தாளில் அவர்களின் கையொப்பம் வாங்கலாமா என்று நிதி தருபவரிடம் முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் பெற்றேன். அறிக்கையைக் கேட்கும் முன்பே அனுப்புங்கள், எதிர்பார்த்தது நடக்காத ஆய்வாக இருந்தாலும் அதையே எழுதுங்கள். மழை மிகுந்து எங்கள் எண்ணிக்கையில் ஒரு பகுதி பயனற்றுப்போனபோது, காரணத்தையும் மீதமிருந்த தொகையையும் குறிப்பிட்டு, அடுத்த பருவத்தில் அதைப் பயன்படுத்த அனுமதி கேட்டேன். தாராளமாகத் தந்தார்கள். அந்த அறிக்கையைப் படித்துவிட்டுத்தான், அடுத்த மாணவருக்கு வழங்கும்போது பரிந்துரைக்க யாராவது இருக்கிறார்களா என்று அதே நிதியிலிருந்து எனக்கு எழுதினார்கள். நோட்டு வைத்திருந்த அந்த மாணவியின் பெயரைத்தான் அனுப்பினேன்.